தோல் மூடிவிட்டதாம்

உங்கள் அப்பாவின் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பொய் சொல்லாதீர்கள். நானும் என் அத்தாவின் காலைப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் மைக்ரோபயாலஜி படித்தவன். பல் அழுக்கைச் சுரண்டி ஸ்லைடில் வைத்து, கிருமிகள் பிசின்போல ஒன்றைச் சுரந்து அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கும், அதுதான் பயோஃபிலிம் என்று பரீட்சையில் மூன்று பக்கம் எழுதிக் கிழித்தவன்.

அத்தாவுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் இஞ்சி குடோனில் வேலை. முற்றத்தில் காயும் இஞ்சியைக் காலாலேயே தள்ளிப் புரட்ட வேண்டும். சரக்குமேல் செருப்பு படக்கூடாது, அது அங்கே சட்டம். சர்க்கரை வந்த காலில் வலியும் தெரியவில்லை. பெருவிரலடியில் வந்த புண்ணில் மஞ்சள்பொடியை அப்பிக்கொண்டு மாதக்கணக்கில் நடந்திருக்கிறார், மகாராஜா.

தெரிந்ததும் கத்திக் கூப்பாடு போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். புண்மேல் பளபளத்த வழவழப்பை சிஸ்டர் சுரண்டி எடுத்தார். புண் எலும்பைத் தொட்டால் விரல் போய்விடும், ஒருநாள் விட்டு ஒருநாள் வரணும் என்றார் டாக்டர். அத்தா இரண்டு தடவை போனார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு குடோனுக்குப் போயிருக்கிறார்.

போன வாரம் நேரே குடோனில் போய் நின்றேன். இஞ்சி நடுவில் அத்தா, வெறுங்காலோடு.

"ஆஸ்பத்திரிக்குன்னுதானே சொன்னீங்க?"

"இனி எதுக்குடா? தோலு மூடிருச்சு. சேட்டன்கிட்டயே கேளு."

கூட வேலை பார்க்கும் சேட்டன் குனிந்து பார்த்தார். "ஆமா மோனே, நல்ல புதுத் தோலு. கொச்சுப் பிள்ளை கன்னம் மாதிரி!"

"அது தோலு இல்ல அத்தா. கிருமி கட்டுன வீடு. மாத்திரை மட்டும் போட்டா உள்ள ஏறாது, சுரண்டித்தான் எடுக்கணும்."

"வர்ற தோலையெல்லாம் அந்த சிஸ்டர் பிச்சுப் போடுறா. நீ அவளுக்கு வக்கீலா?"

"காலைல பல்லுலேர்ந்து தேச்சு எடுக்கிறீங்களே அழுக்கு, அதுவும் இதே சனியன்தான்."

"பல்லு என்ன, இஞ்சி மேலயாடா நடக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவரைப் பிடிக்கச் செருப்போடு இஞ்சிமேல் ஏறினேன்.

"டேய், செருப்பு! செருப்பு!"

முற்றமே அலறியது. புண்ணோடு நிற்கும் காலுக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, என் செருப்புக்கு இந்தக் கூச்சல். அத்தா அவமானத்தில் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். அப்படியே ஆட்டோவில் தள்ளி ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில், புண்ணுக்குள் டாக்டர் விட்ட கம்பி எலும்பில் முட்டி நின்றது. அப்போதும் அத்தா கேட்கிறார், "டாக்டரே, மேல தோலு வந்திருச்சுல்ல?"

இப்போது கட்டுக்கு வெளியே நான்கு விரல்கள்தான் மிச்சம்.