சொல்லாமல் விட்ட பாரம்பரியம்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை ஜானகியைப் பெண் பார்க்க மாம்பலத்திலிருந்து வந்திருந்தார்கள். எங்களுடையது அப்பா இல்லாத வீடு. பேச்சு, முடிவு எல்லாம் என் தலையில். காலையிலிருந்தே வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பிள்ளையின் தகப்பனார் நல்ல உயரம். தன் தம்பியின் தோளில் கை வைத்து, மெள்ள நடந்து வந்து உட்கார்ந்தார். பெரிய மனிதர், நிதானம் — என்று நினைத்துக்கொண்டேன்.

"சீர் செனத்தின்னு எதுவும் வேண்டாம். எங்களுக்குப் பாரம்பரியம்தான் முக்கியம். எங்காத்துலே தலைமுறை தலைமுறையா வேதம், சங்கீதம்..." என்றார்.

சீர் கேட்காத சம்பந்தம்! கை நழுவிவிடக் கூடாதே என்ற பயம் இப்போது பிடித்துக்கொண்டது.

ஜானகி காபி கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அவர் கை டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. மறுபடியும் தவறியது. ஜானகி டம்ளரை அவர் விரல்களுக்குள் வைத்துவிட்டு உள்ளே போனாள்.



"சொல்லிடலாம்ப்பா" என்றான் பிள்ளை ராமநாதன்.

"சும்மா இரு."

அவன் என் பக்கம் திரும்பினான். "தாத்தாவுக்கு நாற்பது வயசுக்கு மேலே கண் போயிடுத்து. அப்பாவுக்கும் அப்படித்தான். எனக்கு இப்போ நன்னாத் தெரியறது. ஆனா எனக்கும் வரலாம்னு டாக்டர் சொல்றார்." பிறகு தகப்பனாரிடம், தாழ்ந்த குரலில், "இதுவும் பாரம்பரியம்தானேப்பா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "கிளம்பணும்னா சொல்லிடுங்கோ" என்றார் — நான் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தபடி.

என்ன சொல்வது? 'வேண்டாம்' என்பதுதான் வாய்வரை வந்தது. "உள்ளே கேட்டுண்டு வரேன்" என்று எழுந்தேன்.

சமையலறையில் ஜானகி சுவரோடு நின்றிருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிடறேன், ஜானா."

"ஏன்?"

"கேட்டியோன்னோ? நாளைக்கு அவருக்கு... உன் குழந்தைகளுக்கு..."

"கேட்டேன் அண்ணா. பயமாத்தான் இருக்கு." "ஆனா, சொன்னவரை அனுப்பிட்டு, சொல்லாத ஒருத்தரைத் தேடிண்டு வரப் போறியா?"

அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதமாகத் தலையை ஆட்டினாள்.

கூடத்துக்கு வந்து சம்மதம் சொன்னேன். தை மாதம் கல்யாணம். செய்தது சரியா? தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஜானகி என்னவோ பாட்டுக்கூடப் பாடுகிறாள்.

நேற்று அகராதியைப் புரட்டினேன். பாரம்பரியம் — வழிவழியாக வருவது. நல்லது மட்டும்தான் வரும் என்று எங்கே போட்டிருக்கிறது? நாம்தான் மேடைக்கு மேடை அந்தச் சொல்லுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறோம். கோபுரம் அதில் சேர்த்தி, சங்கீதம் சேர்த்தி... வியாதியும் வீம்பும் மட்டும் யார் வீட்டுச் சொத்து?

யாராவது பாரம்பரியம் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போது ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது — சரி ஸார், மீதியையும் சொல்லுங்களேன்?