நார்த்மீட் பிரகடனம்

வரதராஜா மறுபடியும் குசினி மேசையில் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் அடைத்த தகர ரின்னையும் நகர்த்திக்கொண்டிருக்கிறார். உப்பு மாசசூசெட்ஸ். மிளகாய்த்தூள் வேர்ஜீனியா. தேயிலை ரின், வேறு யார், பிரிட்டிஷ் அரசர்தான். வரதராஜா ஹைஸ்கூலில் வரலாறு படிப்பிக்கிறவர். இது 1976, அமெரிக்கச் சுதந்திரத்துக்கு இருநூறு வயது. ஆகவே எங்களுக்குச் சோற்றோடு பாடமும் பரிமாறப்படுகிறது.

"எடுத்த உடனை சுதந்திரப் பிரகடனம் செய்யேல்லை, கண்டியளோ. சண்டை தொடங்கின பிறகும் அரசருக்கு விண்ணப்பம் எழுதினவங்கள். அவர் வாங்கவே இல்லை. அதுக்குப் பிறகும் ஒரு வருசம் யோசிச்சவங்கள்!"

அந்த 'ஒரு வருசம்' வரும்போது அவர் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பார்க்கவேண்டும். காரணம் உண்டு. நார்த்மீட்டில் நாங்கள் இருக்கும் இது அவருடைய அண்ணன் கணேசலிங்கத்தின் வீடு. ஸ்பொன்சர் செய்து எங்களை ஊரிலிருந்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர். குளிக்கும் நேரம் முதல் கறிக்கு எத்தனை மிளகாய் என்பது வரை அவர் சட்டம். வரதராஜாவின் மனைவி கமலினி அக்காவுக்கு இது எட்டாம் மாதம். "என்ரை பிள்ளையை என்ரை வீட்டுக்குத்தான் கொண்டு போவன்" என்று சொல்லிவிட்டார். இரண்டு தெரு தள்ளி வாடகை வீடும் பார்த்தாயிற்று. கதவுப் பூட்டின் திறப்பு அக்காவின் கைப்பையில் இருக்கிறது. அண்ணனிடம் சொல்வதுதான் மிச்சம்.

அதற்காக, கார் விடும் கராஜில் மாநாடு கூடியது. 'வேலை கிடைக்கும்வரை' என்று வந்து இரண்டு வருடமாக அந்தக் கராஜில் கிடக்கும் நானும் ஒரு பிரதிநிதி. வரதராஜா பிரகடனம் எழுதினார். 'அன்பும் மதிப்பும் மிக்க அண்ணாவுக்கு' என்று தொடங்கி, இரண்டு பக்கம் நன்றி சொல்லி, 'தாங்கள் அனுமதித்தால்' என்று முடித்தார். வாக்கெடுப்பில் நான் நியூயோர்க். ஊரிலிருந்து உத்தரவு வரவில்லை என்று நியூயோர்க் பிரதிநிதிகள் அன்றைக்கு வாக்களிக்காமல் இருந்தார்களாம். கணேசலிங்கத்தின் மனைவி, எங்கள் அண்ணியின் இடியப்பத்தை நினைத்து நானும் வாய் திறக்கவில்லை. வெட்கம்தான், என்ன செய்ய?

"நீங்கள் ரெண்டுபேரும் முடிவெடுக்கேக்கை பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்" என்றார் கமலினி அக்கா.

பிறகுதான் பெரிய சிக்கல். புது வீட்டில் பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கவேண்டாமா? எங்களுக்குத் தெரிந்த ஒரே பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணனுக்குத் தபாலில் வருவது. அதை அவர் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.

பிரகடனத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரதராஜா போனார்.

"அண்ணை, பஞ்சாங்கத்தை ஒருக்கால்..."

"என்னத்துக்கு?"

"சும்மா, பாப்பமெண்டு."

அண்ணன் கண்ணாடியை மாட்டி, தானே புரட்டினார். "வெள்ளிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு முந்திக் காய்ச்சுங்கோ. பானை அண்ணி தருவா. கராஜிலை கதைக்கிறது றோட்டுக்கே கேக்குது."

பிரகடனம் பையைவிட்டு வெளியே வரவில்லை. எனக்கோ, இடியப்பம் போய்விட்டதே என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை எட்டே முக்கால். புது வீட்டுக் குசினியில், காஸ் அடுப்பில் பால் பானை. வரதராஜா நெருப்புப்பெட்டியை இரண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினார். "அண்ணை, நீங்களே..."

அண்ணன் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வரதராஜாவுக்கு நீட்டிய கையை மடக்கத் தெரியவில்லை. நான் வழக்கம்போல நியூயோர்க்.

கமலினி அக்கா வயிற்றைப் பிடித்தபடி வந்தார். வரதராஜாவின் கையிலிருந்து பெட்டியைப் பறித்து, ஒரே உரசலில் அடுப்பைப் பற்றவைத்தார்.