ஒரே மார்க்கு, இரண்டு ஆள்

பிள்ளைகளே, நம் வீட்டில் உப்புப் பானை வைத்திருக்கும் பலகைப் பெட்டி, யுத்தத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து பற்பொடி வந்த பெட்டி. அதை வைத்து ஒரு மனிதரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன்.

அப்போது எனக்குத் துறைமுகத்தில் பெட்டிகளை ஆள்வாரியாகப் பிரித்து வைக்கிற வேலை. எழுத்துப் படிக்க வேண்டியதில்லை. பெட்டிமேல் உள்ள மார்க்கைப் பார்த்தால் போதும். ஒரே மார்க்கு என்றால் ஒரே பார்ட்டி, அதாவது ஒரே சரக்குக்காரர். அதில் நான் தவறியதே இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ராயபுரமே மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். எங்கள் தெருவில் பல் கட்டும் கடை வைத்திருந்த சீனாக்காரர் மட்டும் கிளம்பவில்லை. ஏன்? அவர் போர்டை உற்றுப் பார்த்தேன். முதல் எழுத்து, என் பெட்டியில் இருந்த அதே மார்க்கு. இவர் ஜப்பான்காரன் ஆள்தான் என்று எங்கள் துறைமுக மேஸ்திரியிடம் சொன்னேன்.

"சாயங்காலம் போலீஸ் டேசன்ல சொல்லிர்றேன்" என்றார்.

அதற்குள் நிச்சயப்படுத்திக்கொள்ள, பெட்டியின் மூடியைத் துணியில் சுற்றிக்கொண்டு, பல்வலி என்று அவர் கடைக்குப் போனேன். வாயைத் திறந்து பார்த்தார்.

"பல்லு நல்லாத்தானே கீது. துணிக்குள்ள இன்னா?"

காட்டினேன். அவர் பயப்படவில்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. காகிதத்தில் திறந்த வாய் ஒன்றும் உள்ளே மேலும் கீழும் பல்லும் வரைந்தார். ஆதியில் சீனாவில் 'பல்' என்று எழுதியது அப்படித்தானாம். பிறகு தலைமேல் சில கோடு சேர்ந்ததாம். மாட்டுக்குப் பல் பார்க்கிறோமே, அதுபோல மனிதர் வயதையும் அதே எழுத்தால் சொல்வார்களாம். ஜப்பான்காரர்கள் அதைச் சீனாவிலிருந்து வாங்கிக்கொண்டார்களாம். அவர்களுக்கும் அது பல்தான், வாயால் சொல்வதுதான் வேறு.

"எய்த்து ஒண்ணு, நைனா. எங்க ஊரு மேல குண்டு போட்டவன் அவன். நான் அவன் ஆளா?"

கதை கட்டுகிறாரோ என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டில் பெட்டியைத் திருப்பினேன். சுவர்ப்பக்கம் இருந்த பலகையில் ஒட்டிய காகிதத்தைத் துடைத்தால், பல் துலக்கும் பெண்ணின் படம்; அதில் வந்தது பற்பொடி என்று அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் அதே எழுத்து.

மேஸ்திரியிடம் ஓடினேன். பார்ட்டி வேறு, மார்க்கை நான் தப்பாகப் பிடித்துவிட்டேன், டேசனுக்குப் போனால் நானும் வந்து இதையே சொல்வேன் என்றேன்.

"சீனாக்காரன் உனுக்கு இன்னா குட்த்தான்?" என்று கேட்டார்.

அவர் டேசனுக்குப் போகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து, நான் பிரித்து வைத்த பெட்டி ஒவ்வொன்றையும் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.