பக்கம் மாறிய கிணற்றடியாள்

பிழைப்புக்கு அன்புச்செல்வி எழுதுவது தண்ணீர் மோட்டார் கையேடு. பீளமேட்டில் ஓர் அலுவலகத்தில் பதினொரு வருடமாக அதே நாற்காலி. 'சுவிட்சைப் போடும் முன் வால்வைத் திறக்கவும்' என்பதற்கு மேல் அங்கே யாரும் அவளிடம் எதிர்பார்த்ததில்லை. முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, போத்தனூரில் அப்பாவோடு வாடகை வீடு. கேட்பவர்கள் 'பாவம்' என்பார்கள். அவளுக்கு அப்படித் தோன்றியதே இல்லை, ஏனென்றால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஞாயிறு மதியம் கிருபாசங்கர் வீட்டு மாடியில் ஐந்து பேர் கூடுவார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்குவார்கள். பூட்டை உடைக்க முடிந்ததா, பேயிடம் தப்பினோமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். வளர்ந்த மனிதர்கள் சோறு ஆறுவது தெரியாமல் "நான் மதில் ஏறுறேன்", "நான் வாளை உருவுறேன்" என்று கத்துவது வெளியாட்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். ஆனால் அந்த 'நான்'தான் விளையாட்டே. மோட்டார் கையேட்டில் 'நான்' என்று ஒரு வார்த்தை கிடையாது.

கதை சொல்பவர் கிருபாசங்கர். அன்னூர்ப் பக்கம் தோட்டம், பீளமேட்டில் சொந்தப் பட்டறை, தங்கமான மனிதர் என்று பெயர். மற்ற மூவரையும் வாடா போடா என்பவர் அன்புச்செல்வியை மட்டும் ஆறு வருடமாக வாங்க போங்க என்றார். அதை மரியாதை என்றே அவள் எடுத்துக்கொண்டாள். அந்த மூவரும் கீழே சமையல்கட்டுக்குப் போய்த் தாங்களே காபி கலந்துகொள்வார்கள். அவளுக்கு மட்டும் காபி மாடிக்கு வந்துவிடும். அதையும் உபசாரம் என்றே நினைத்தாள். நினைத்துக்கொள்வதற்குச் செலவா என்ன!

போன வருடம் கிருபாசங்கர் ஒரு புத்தகம் அடிக்கலாம் என்றார். பாழடைந்த அரண்மனை, சாபம், ரத்தவாடை என்று ஒரு திகில் உலகம் அவர்கள் விளையாட்டில் ஏற்கெனவே இருந்தது. அதில் ஆடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளப் புதுப் பாத்திரங்கள் வேண்டும். செலவு அவருடையது, எழுத்து அன்புச்செல்வியுடையது. கண்ணாடியில் உருவம் தெரியாத ஜமீன் வாரிசு, பாதி செத்துப் பிழைத்த வைத்தியன், நிழலைத் தொலைத்த பாடகி என்று மூன்றை ஒரே மாதத்தில் எழுதித் தள்ளினாள். நாலாவதை மட்டும் தன் வீட்டிலிருந்து எடுத்தாள்.

அப்பா பிரான்சிஸ் ரயில்வேயில் தண்டவாளம் பராமரித்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானத்துக்கு முன் அவர் பெயர் சின்னான். கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய ஒரு பண்ணையில் தலைமுறையாகக் கூலிவேலை பார்த்த குடும்பம். அவருடைய அக்கா வள்ளியாத்தாள் பதினாறு வயதில், சித்திரை வெயிலில் களை வெட்டிக்கொண்டிருந்தவள், தாகம் தாங்காமல் பண்ணைக் கிணற்றில் படி இறங்கித் தண்ணீர் குடித்தாள். குடித்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே கிணற்றில் மிதந்தாள். விழுந்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அந்த வருடம் பண்ணை வீட்டில் குழந்தைகள் காய்ச்சலில் கிடந்தன. கிணற்றுக்குள் ஒருத்தி நிற்கிறாள் என்று குறி சொன்னார்கள். அதிலிருந்து ஆடிக்கு ஆடி கிணற்று மேட்டில் அவளுக்குச் சேலை, வளையல், பொங்கல். படையல் அவளுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ரத்த உறவு ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு, "எங்களுக்கு ஒரு கொறையுமில்லீங்க சாமி" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சின்னான் பத்து வருடம் சொன்னார். பதினோராம் வருடம் சொல்லப் பிடிக்காமல் போத்தனூருக்கு வந்து சேர்ந்தார். கொன்றதும் அவர்கள், குறையில்லை என்று செத்தவளின் தம்பி வாயால் வாங்கிக்கொண்டதும் அவர்கள். அந்தத் துணிச்சல் எந்தப் பேய்க்கு வரும்?

அன்புச்செல்வி அதைத்தான் 'கிணற்றடியாள்' என்ற பாத்திரமாக்கினாள். உண்மையை மறைத்த வீட்டில் எந்தக் கதவும் இவளைத் தடுக்காது. குடிக்கிற தண்ணீரில் யார் முகம் பார்த்தாலும் இவள் அவர்களோடு பேசலாம். ஒரே பலவீனம்: இவளுடைய ரத்த உறவு யாராவது 'குறையில்லை' என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க இவளுக்குப் பலம் கிடையாது. ஊர்ப் பெயரை மாற்றினாள், பண்ணையை அரண்மனையாக்கினாள், யார் மனமும் நோகக் கூடாதென்று ஆனமட்டும் பார்த்தாள். அத்தையின் பெயரை மட்டும் மாற்றவில்லை.

எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"இதைய எடுத்து ஆடற புள்ள என்ன பண்ணும் கண்ணு?"

"அத்தையாட்ட உக்காந்து, நான்னு பேசும்ப்பா. நான் தண்ணி குடிச்சேன், என்னைக் கொன்னாங்கன்னு சொல்லும்."

"அவ சார்பா இதுவரைக்கும் ஒருத்தரும் பேசுனதில்ல. அச்சாகி வந்ததும் எனக்குக் காட்டு, என்ன?" என்றார் பிரான்சிஸ். அந்த ஒரு பக்கத்துக்காக அவள் மற்ற அத்தனை பக்கத்தையும் சம்பளமில்லாமல் பிழை திருத்திக் கொடுத்தாள்.

அச்சுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் கிருபாசங்கர் அவளை அலுவலகத்துக்குப் பக்கத்துப் பேக்கரிக்கு வரச் சொன்னார். முகம் சரியில்லை.

"அன்பு, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணு கேக்கோணும். எங்கூட்டுச் சங்கதிய உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"எந்தச் சங்கதிங்க?"

"அந்தக் கெணத்துப் புள்ளையத்தானுங்க சொல்றேன். அம்மா படிச்சுப்போட்டு ஒரே அழுகை. வருசா வருசம் நாங்க சேலை வெக்கறது பங்காளிகளுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சொன்னாள்: "இது எங்கூட்டுக் கதைங்க. செத்தது எங்கப்பாவோட அக்கா. கோபிப் பக்கம்."

அவர் ஊர் அன்னூர். இவள் சொன்னது கோபி. இரண்டுக்கும் நடுவே எத்தனை கிணறு என்று யாருக்குத் தெரியும். தன் வீட்டில் மட்டும் நடந்தது என்று அவள் நினைத்து எழுதியது இன்னொரு வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்திவிட்டது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக அவரே வந்து சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கும் உறைத்தது. கையிலிருந்த பப்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அவர்கள் கிணற்றில் நின்றவள் பெயர் என்ன என்று கேட்க நினைத்தாள். அது அவருக்குத் தெரிந்திருக்காது என்று தோன்றியது, கேட்கவில்லை.

"பேரை மட்டும் எடுத்துப்போடலாங்களா? எங்க அப்பத்தா பேரும் வள்ளியாத்தாள்தானுங்க. அம்மாவுக்கு அதுதான் தாங்க முடீல," என்றார். பிறகு, கேட்பதற்கே கூச்சப்படுகிறவரைப் போல, "அப்புறம் இதைய ஆடறவங்க பகுதியில வெக்காம பேய்ப் பகுதியில வெச்சரலாமுங்க. மெரட்டலா இருக்கும். ஒரு வரி கூடத் தொட மாட்டேன்."

புத்தகத்தில் இரண்டு பகுதி. முதலாவதில் இருப்பவர்களாக நாம் ஆடலாம். இரண்டாவதில் இருப்பவற்றை நாம் கொல்லலாம். ஒரு வரியும் தொடாமல் அவளைக் கொல்வதற்கு இதைவிட நாசூக்கான வழி இல்லை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். அவள் நினைத்ததோ ஞாயிற்றுக்கிழமையை. அந்த மாடி இல்லையென்றால் வாரம் ஏழு நாளும் வால்வுதான். எதிரே உட்கார்ந்திருந்தவர் வேறு அத்தனை 'ங்க' போட்டுக் கெஞ்சினார். அரட்டினால் எதிர்த்திருப்பாள். மரியாதையாகக் கேட்டால் மறுக்கத் தெரியாத ஊரில் பிறந்தவள்.

"பரவால்லீங்க," என்றாள். சொன்ன வாயை அன்றைக்கே தைத்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

புத்தகம் வந்தது. வெளியீட்டன்று பீளமேட்டு ஓட்டல் மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் நாலு மேசையில் ஆடினார்கள். நாலு மேசையிலும் பேயாக வைத்தது கிணற்றடியாளைத்தான். எல்லோருக்கும் அதுதான் பிடித்திருந்தது. அத்தை பேசுவதற்கென்று அவள் எழுதிய வரிகளைக் கிருபாசங்கர் குரலை நடுங்கவிட்டு வாசிக்க, பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். முதல் மேசையில் இருபது நிமிடத்தில் கொன்றுவிட்டார்கள். அன்புச்செல்விக்கும் சால்வை போட்டார்கள். அவளும் கைதட்டினாள்.

மறுநாள் காலை பிரான்சிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கை நீட்டினார். ஒளிக்க இடமில்லை. பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"பேரைக் காணமே கண்ணு."

"எடுத்துட்டாங்கப்பா."

இன்னும் கீழே, அவள் எழுதாத ஒரு வரிக்குப் போனார். "'கொல்பவருக்கு ஒரு வெள்ளி வாள் பரிசு'ன்னு போட்டிருக்குதே. இவளையா?"

"ஆமாங்கப்பா."

"எத்தன தடவ கொல்லுவாங்க?"

அவள் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "எத்தன பேரு ஆடுறாங்களோ அத்தன தடவைப்பா."

பிரான்சிஸ் புத்தகத்தை மூடவில்லை. விரித்தபடியே அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"பண்ணைக்காரங்க ஒரு தடவையோட நிறுத்திப்போட்டாங்க," என்றார்.