மேபல் உட்காரமாட்டாள்

உதைபந்தாட்டம் பார்க்கப் போனால் மேபல் உட்காரமாட்டாள். கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் இது தெரியாதவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும்தான்.

ஊரின் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் அவளுடைய தையல் அறை இருந்தது. வாரம் முழுவதும் மெஷினுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து பாடசாலைச் சீருடை, கல்யாண ரவிக்கை, ஆஸ்பத்திரித் தாதிமாரின் கவுண் என்று தைத்துத் தள்ளுவாள். ஞாயிறு காலையில் பூசைக்குப் போவாள். அங்கேயும் உட்கார வேண்டிய நேரத்தில் ஒழுங்காக உட்காருவாள். ஆனால் அன்று பின்னேரம் ஆற்றோர மைதானத்தில் விசில் ஊதிவிட்டதோ, அவளுடைய முழங்கால் மடங்காது.

சும்மா நிற்பதும் இல்லை. பந்து இடப்பக்கம் போனால் இடப்பக்கம் சாய்வாள், வலப்பக்கம் போனால் அந்தப் பக்கம் ஓடுவாள். விளையாடுகிறவன் உதைக்கும்போது அவளுடைய காலும் சேர்ந்து உதைக்கும். முன்னால் இருக்கிறவர்கள் அதை முதுகில் வாங்கியிருக்கிறார்கள். கோல் விழப்போகிறது என்றால் பக்கத்தில் யார் கை இருக்கிறதோ அதைப் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்குவாள். அவள் போடும் சத்தத்துக்கு ஆற்றுக்கு அக்கரையில் குளித்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள்.

அவளுடைய புருஷன் கிளறன்ஸ் நேரெதிர். பேராதனை ஆஸ்பத்திரியில் கிளாக்கர். பழைய பத்திரிகைத் தாளை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு, இடைவேளைவரை அசையாமல் பார்க்கிற மனிதர். அவர்கள் சந்தித்ததே இந்தத் தகராறில்தான். எழுபதுகளில் ஒரு ஆட்டம். முன்னால் நின்றவளைப் பார்த்து, மறைக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்று அவர் மரியாதையாகக் கேட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்க எழும்புங்க, எனக்கு ஒண்ணும் மறைக்கல" என்றாள். கிளறன்ஸ் எழும்பவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் வந்து அதே முதுகுக்குப் பின்னாலேயே தாளை விரித்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மைதானம் இவ்வளவு காலியாகக் கிடக்க, ஒன்றுமே தெரியாத இடத்தில் வந்து எதைப் பார்க்கிறீர்கள் என்று மேபலின் அண்ணன் ஒருநாள் கேட்டுவிட்டான். அவர் தாளை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம்.

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் அந்தத் தையல் அறை மெஷினோடு எரிந்தது. மேபலையும் கிளறன்ஸையும் பக்கத்து வீட்டுப் பாயிஸா தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஓட்டுக்குக் கீழே சாமான் போட்டு வைக்கும் பரணில் இருவரும் ஒளிந்திருந்தார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடம். பாயிஸாவின் தம்பி நளீர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். ஏணியில் ஏறிச் சோற்றுக் கோப்பையை நீட்டிவிட்டு, வெளியே என்ன நடக்கிறது என்பதை ஆட்ட வர்ணனை மாதிரி ரகசியக் குரலில் சொல்லிவிட்டு இறங்குவான். அந்தப் பரணில் குந்தியிருந்த நாட்களால்தான் மேபலுக்கு உட்காரவே பிடிப்பதில்லை என்று பாயிஸா பிறகு ஊரெல்லாம் சொன்னாள். மேபல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தியே தான் நிற்கிறவள்தான், வேண்டுமென்றால் கிளறன்ஸைக் கேள் என்பாள். கடையைத் திருத்திக் கட்டிய பிறகு, பாயிஸாதான் தன் மெஷினைக் கொடுத்து அதே மேல்மாடியில் அவளை மறுபடி தைக்க வைத்தாள்.

நளீர் வளர்ந்து கட்டுகஸ்தோட்டை அணியின் கோல் காப்பாளன் ஆனான். அதன்பிறகு மேபலின் சத்தம் இரட்டிப்பானது.

தொண்ணூற்றெட்டு தை மாதம் கண்டியில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்தது. நகரமே நடுங்கிப் போயிற்று. கடைக் கதவு ஒன்று வேகமாகச் சாத்தினாலும் ஆட்கள் தலையைக் குனிந்தார்கள். ஆட்டங்கள் நின்றன. பல மாதம் கழித்து, நின்றுபோன இறுதிப் போட்டியை நடத்தலாம் என்று அனுமதி வந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. பார்வையாளர்கள் எல்லோரும் கயிற்றுக்கு வெளியே தரையில் உட்கார வேண்டும். கூட்டம் நின்றால் யார் கையில் என்ன இருக்கிறதென்று தெரியாது. யாராவது எழும்பினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எழும்பியவரைப் பொலிஸுக்குக் கூட்டிப்போவோம் என்று காவலுக்கு வந்த சார்ஜன் ஒலிபெருக்கியில் சிங்களத்தில் சொன்னார். அந்த நாட்களில் தமிழ்ப் பெயரோடு பொலிஸுக்குப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. அடையாள அட்டையில் எழுத்து மங்கியிருந்தது என்பதற்காக கிளறன்ஸை ஒரு சோதனைச் சாவடியில் பொழுதுபடும்வரை வைத்திருந்தார்கள். ஆகவே அவர் மேபலிடம் முதல் நாளே கெஞ்சினார். ஒன்று உட்கார், இல்லாவிட்டால் வீட்டில் இரு.

அவள் உட்காருவதாகச் சத்தியம் பண்ணிக்கொண்டு வந்தாள்.

எதிரணி தெல்தோட்டையிலிருந்து வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பையன்கள். வழியெல்லாம் லொறியிலிருந்து இறக்கி, சோதித்து, ஏற்றி, மறுபடி இறக்கி, ஆட்டம் தொடங்கும் நேரம் தாண்டித்தான் வந்து சேர்ந்தார்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் அப்படியே மைதானத்தில் இறங்கினார்கள். இறங்கியவர்கள் காற்றாய்ப் பறந்தார்கள்.

மேபலின் ஒருபக்கம் கிளறன்ஸ், மறுபக்கம் பாயிஸா. இருவரும் அவளுடைய சாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். என்ன பிடித்து என்ன. பால் பொங்குவதுபோல அவள் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தாள். "நோனா, வாடிவென்ன" என்று சார்ஜன் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். நளீர் ஒரு பந்தைப் பாய்ந்து தடுத்தான். மறுபடி எழும்பிவிட்டாள். சார்ஜன் இந்த முறை பக்கத்திலேயே வந்து, இனி ஒரு தடவை எழும்பினால் சொன்னதைச் செய்வேன் என்றார். குரலில் விளையாட்டு இல்லை. இடைவேளைக்குப் பிறகு மேபல் தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பாயிஸா அவள் காதில், "மேபலக்கா, கண்ண மூடிக்கொண்டு இரிங்களேன், நான் சொல்றன்" என்று கூடச் சொல்லிப் பார்த்தாள்.

ஆட்டம் முடியப்போகிறது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. தெல்தோட்டை அணியின் ஒல்லிப் பையன் ஒருவன் நடு மைதானத்திலிருந்து பந்தை ஓங்கி உதைத்தான். பந்து காற்றில் எழும்பியது. மேபலும் எழும்பினாள்.

அந்த நேரத்தில்தான் பாலத்தடியில் அந்த வெடிச் சத்தம்.

மைதானமே விழுந்தது. பார்வையாளர்கள், இரண்டு அணிகள், கொடி பிடித்தவர்கள், மத்தியஸ்தர், சார்ஜன், அவருடைய துப்பாக்கிக்காரர்கள், எல்லோரும் முகம்குப்புற மண்ணில். நின்றது மேபல் ஒருத்திதான். தைரியம் ஒன்றும் இல்லை. அவள் போட்ட கூச்சலில் வெடிச் சத்தம் அவளுக்குக் கேட்கவேயில்லை.

பந்து இறங்கி ஒருமுறை குதித்தது. தலையைக் கையால் பொத்திக்கொண்டு கிடந்த நளீரின் காதோரமாக, அவனை எழுப்பக் கூடாது என்பதுபோல மெதுவாக உருண்டு, கம்பத்துக்கு உள்பக்கமாகப் போய், வலையின் கிழிசல் வழியாக வெளியேறிப் புல்லுக்குள் நின்றது. மேபல் யாருடைய கையையாவது முறுக்கலாம் என்று திரும்பினாள். கை ஒன்றும் இல்லை. பாயிஸா நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள். தொழுகை நேரமாகிவிட்டதோ என்று மேபல் நினைத்தாளாம். பிறகு கிளறன்ஸும் சார்ஜனும்கூட அதே மாதிரிக் கிடப்பதைப் பார்த்துத்தான் இது வேறென்னவோ என்று விளங்கியது.

பாலத்தடியில் ஒரு லொறி ஒருபக்கம் சரிந்து நின்றது. சாரதி இறங்கி, வெடித்த டயரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். கிடந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். யாரோ ஒருவர் க்ளுக்கென்றார். அவ்வளவுதான். சிரிப்பு தீப்போலப் பரவியது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர், துப்பாக்கிக்காரர்கள், எல்லோரும் மண்ணில் புரண்டு சிரித்தார்கள். கட்டுகஸ்தோட்டை அணியின் தலைவன் தெல்தோட்டைப் பையனின் தோளில் சாய்ந்து கண்ணைத் துடைத்தான். பல மாதமாக நெஞ்சுக்குள் அடைத்துக் கிடந்ததெல்லாம் அன்று வெளியே வந்தது. கிளறன்ஸ் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, பத்திரிகைத் தாளைக் கசக்கி வாயில் வைத்துக்கொண்டார்.

பிறகுதான் ஒருவன் கேட்டான், பந்து எங்கே?

பந்து கோலுக்குப் பின்னால் புல்லில் கிடந்தது. உள்ளே போய்க் கிழிசலால் வெளியே வந்ததா, கம்பத்துக்கு வெளியாலேயே போனதா? தெல்தோட்டைப் பையன்கள் கோல் என்றார்கள். கட்டுகஸ்தோட்டைக்காரர் இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர்கள்தான்.

மத்தியஸ்தர் இராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேலை. நேர்மையான மனிதர். தானும் கிடந்ததை அவர் மறைக்கவில்லை. கொடி பிடித்தவர்களைக் கேட்டார். அவர்களும் கிடந்தவர்கள்தான். கூட்டத்தைப் பார்த்து, "ஆரும் கண்டனீங்களோ?" என்றார்.

கூட்டம் ஓரக்கண்ணால் சார்ஜனைப் பார்த்தது. ஏனென்றால் பார்த்திருக்கக்கூடியவர் நின்றவராகத்தான் இருக்க வேண்டும். சார்ஜன் கயிற்றோரம் நின்றுகொண்டிருந்தார்.

"மேபல், நீ ஒண்ணும் பாக்கல" என்றார் கிளறன்ஸ், உதடு அசையாமல்.

அவள் நளீரைப் பார்த்தாள். ஏணியில் சோறு கொண்டுவந்தவன் முகமெல்லாம் மண்ணோடு கோலில் நின்றான். தெல்தோட்டைப் பையன்களைப் பார்த்தாள். அவர்கள் மறுபடி அதே சாவடிகளில் இறங்கி ஏறி வீடு போக வேண்டும். பொலிஸை நினைத்தாள். ஆனால் பந்து உள்ளே போனதை அவள் கண் பார்த்துவிட்டது. பார்த்ததை விழுங்கி வைத்திருக்க அவளால் முடியவில்லை.

"நான் பாத்தேன். உள்ளதான் போச்சு" என்றாள்.

"தரையில இருந்தபடி அது தெரியாதே அம்மா?" என்றார் இராஜரத்தினம்.

"இருக்கல. நின்னுக்கிட்டு இருந்தேன்."

அவள் என்ன சொல்கிறாள் என்று சார்ஜன் கேட்டார். ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை. மேபல் தானே சிங்களத்தில் சொன்னாள். நின்றேன், ஐயா. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய சட்டையில் கழுத்திலிருந்து இடுப்புவரை சேறு. தொப்பியில் ஒரு புல். வெடிச் சத்தம் கேட்டபோது பயமாக இல்லையா என்று கேட்டார். சத்தம் கேட்கவில்லை, நான் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தேன் என்றாள் அவள். சார்ஜன் சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். திரும்பியபோது முகத்தை இறுக்கிக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினார். இன்றைக்கு இந்த மைதானத்தில் யாரும் நிற்கவும் இல்லை, யாரும் விழுந்து கிடக்கவும் இல்லை, விளங்கியதா என்று கேட்டார். விளங்கியது என்றது கூட்டம். மிச்ச நேரத்துக்கு, உட்கார முடியாதவர்கள் வெறுங்கையோடு கயிற்றோரம் நிற்கலாம் என்றார்.

மைதானம் முழுவதும் எழும்பியது.

இராஜரத்தினம் விசிலை ஊதிக் கோல் என்று கையைக் காட்டினார். பிறகு நடந்த அந்தக் கொஞ்ச நேர ஆட்டத்தை ஊர் பல வருஷம் பேசியது. நளீர் கோலை விட்டுவிட்டு முன்னுக்கு ஓடித் தலையால் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் தெறித்தது. மேபல் முறுக்கிய கை சார்ஜனுடையது. தெல்தோட்டை ஜெயித்தது.

நளீர் மேபலோடு பேச்சை விட்டான். பெருநாளுக்கு மனைவியின் உடுப்பை வேறு தையற்காரியிடம் கொடுத்தான். உடுப்பின் கை இறுக்கமாகி மனைவி தன் கையைத் தூக்க முடியாமல் நின்றாளாம். பாயிஸா தம்பியைத் திட்டி, அந்த உடுப்போடு மேல்மாடிக்கு அனுப்பினாள். அவன் வாசலில் நின்று, "அக்கா, அந்தப் பந்து மெய்யாவே உள்ளுக்கா போன?" என்று கேட்டான்.

"உங்க காதுக்குப் பக்கத்தாலதான் தம்பி போச்சு. நீங்க கையத் தூக்கியிருந்தா புடிச்சிருக்கலாம்."

அவன் யோசித்தான். பிறகு தையல் துணிகளின்மேல் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தான். மேபல் அவன் சிரித்து முடியுமுன் அந்த உடுப்பின் கையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் தெல்தோட்டைக்காரர் தங்கள் போட்டிக்கு மேபலைப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். மாலை போட்டு, வெள்ளைத் துணி விரித்த பெரிய கதிரையில் உட்காரவைத்தார்கள். ஒருபக்கம் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை, மறுபக்கம் பங்குச் சுவாமியார், அப்பால் தொழிற்சங்கத் தலைவர்கள். விசில் ஊதியதும் மேபல் எழும்பினாள். பிரதம விருந்தினர் எழும்பினால் மற்றவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பது? துரை எழும்பினார். சுவாமியார் அங்கியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். தேசிய கீதமோ என்று நினைத்து விளையாடுகிறவர்களிலும் இரண்டு பேர் அசையாமல் நின்றுவிட்டார்கள். ஆட்டம் முடியும்வரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் கிளறன்ஸ் ஒருவர்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் மேபலுக்குக் குரல் போயிருந்தது. காற்றுத்தான் வந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வழியெல்லாம் கிளறன்ஸ் பேசிக்கொண்டு வந்தார். இரண்டாவது கோல் எப்படி விழுந்தது, யார் யாருக்குப் பந்தை விட்டது, காப்பாளன் எந்தப் பக்கம் ஏமாந்தான் என்று ஒன்று விடாமல் சொன்னார். மேபல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். சில இடங்களில் அவர் சொன்னது பிழை என்று அவளுக்குத் தெரியும். குரல் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.