ஆற்றுவாயை நான் வெட்டிய காலை

எங்கள் ஆறு பெயருக்குத்தான் ஆறு. மேற்கே தெரியும் குன்றுகளில் பிறந்து, சாம்பல்தீவுக்கு வடக்கே வயல்களுக்குள் வளைந்து வந்து, கடலைக் கண்டதும் நின்றுவிடும். குறுக்கே மணல்திட்டு. கோடையில் அதன்மேல் நடந்தே அக்கரைக்குப் போகலாம். மாரியில் திட்டுக்கு உள்ளே நீர் பெருகி, வெளியேற வழி தேடிக் கரையோரமாக அலையும். எனக்கும் அதே குணம், பொறுத்திருக்கத் தெரியாது.

ஆற்றங்கரையில் எனக்கு ஒரு வயல். என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், திட்டுக்கு உள்ளே தேங்கும் நீரில் இறால் பிடிக்கிறார். நீர் ஏறினால் என் நெல் அழுகும். திட்டை வெட்டினால் அவருடைய இறால் கடலுக்குப் போய்விடும். எப்போது வெட்டுவது என்று நாள் சொல்வது அத்தான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், மார்கழி. நெல் குடலைப் பருவத்தில், கதிர் வெளியே வரும் தறுவாயில் நின்றது. வரம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டது, கைத்தொலைபேசியோ இன்னும் மழை என்றது. நாளுக்கு மூன்று தரம் அத்தானிடம் போய் நின்றேன். கடல் இன்னும் உயர்ந்துதான் நிற்கிறது, நாலு நாள் பொறு என்றார். இறாலுக்காகச் சாட்டுச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சல். மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு போய் நானே வெட்டினேன்.

ஒரு முழ அகலம்தான் வெட்டினேன், மீதியை ஆறே அரித்துக்கொண்டது. தண்ணீர் பாய்ந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பத்து மணிக்கெல்லாம் ஓட்டம் நின்றது. மத்தியானம் காற்று எழும்ப, கடல் உள்ளே வரத் தொடங்கியது. வயல் வாய்க்காலில் விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன். கரித்தது. திட்டுக்கு ஓடினேன்.

அத்தான் எனக்கு முன்பே அங்கே நின்றார். இடுப்பளவு நீரில் தனியாக மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய இறால் காலையிலேயே போய்விட்டது. இனி மூடினாலும் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது, மிஞ்சினால் என் வயல்தான். நாலு நாள் பொறு என்றது எனக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

“ஏசுங்கோவன் அத்தான்” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “பிறகு ஏசுறன். இப்ப சாக்கின்ர வாயைப் பிடி, பிள்ளை.”

பொழுது சாயும்வரை பிடித்தேன். நெல் பாதிக்குமேல் தப்பியது. அவர் இன்னும் ஏசவில்லை. ஒவ்வொரு முறை அவர் வீட்டுக்குப் போகும்போதும், இன்றைக்காவது ஏசிவிடட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போகிறேன்.