அரைப்பேரு

எங்கள் குடும்பத்தில் யாராவது வியாபாரம் தொடங்கப் போகிறேன் என்றால், அது எப்படியெல்லாம் நொடித்துப்போகும் என்று முதலில் பேசி முடிப்பார்கள். அதற்குள் தொடங்க நினைத்தவருக்கே ஆசை விட்டுப்போகும். சின்னம்மாவிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை.

சின்னம்மா அம்மாவின் தங்கை. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். சித்தப்பா கொழும்புக்குப் போனவர் போனவர்தான். அவள் எங்களோடு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் இருந்தாள். ரயில் கதவில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கும் வெள்ளைக்காரர்கள், இறங்கியதும் ஸ்டேஷன் ரோட்டில் பசியோடு அலைவதைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு ரொட்டிக் கடை போடப் போவதாகச் சொன்னாள்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, உடனே ஆரம்பித்தார். மழை பெய்தால்? ரயில் ஓடாவிட்டால்? ஒரு ஈ காக்காகூட வராவிட்டால்?

"அத்தன பேரும் ஒண்ணா வந்துட்டா எங்கண்ணே உக்கார வைக்கிறது? அதயும் கொஞ்சம் யோசி" என்றாள் சின்னம்மா.

யோசித்தது அவள்தான். பிள்ளைகளான எங்களை வாசலில் வரிசையாக உட்காரவைத்து, கூட்டம் நிரம்பி வழிவது போல ஓடி ஓடி வெறும் தட்டை நீட்டிப் பழகினாள். லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்கு வெள்ளைக்காரி வேஷம். சம்பல் காரம் என்று மூக்கை உறிஞ்ச வேண்டும். அதை நான் ஜோராகச் செய்தேன்.

மாமாவுக்கோ ஒரே கவலை. தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் வேலை. ஒருமுறை வெட்டிவிட்டால் அவள் வயதுக்கு மறுபடி பதிய மாட்டார்கள். சின்னம்மா அதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், கணக்கப்பிள்ளையிடம் பேரை வெட்டச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடை திறந்த அன்று விடியும்போதே மழை. பாதையில் மண் சரிந்து ரயிலும் வரவில்லை. சுட்ட ரொட்டியை நாங்களே தின்று தீர்த்தோம். சாயங்காலம் மாமா குடையை மடக்கிக்கொண்டே வந்தார்.

"ஒண்ணும் குடி முழுகிப் போகல. கணக்கப்பிள்ளகிட்ட நான் சொல்லி வச்சுட்டேன். ஒம் பேர இன்னும் வெட்டல, சுகமில்லன்னு போட்டிருக்கு. நாளைக்குப் பெரட்டுக்குப் போயிரு."

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்தான் பெரட்டு. சின்னம்மா விருட்டென்று எழுந்தாள்.

"எனக்கென்ன சுகமில்ல? கிலோ கொறஞ்சா அரைநாள் சம்பளம்னு அரைப்பேரு போட்டாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு வாங்குனேன். இப்ப என் கடையையும் அரைப்பேராக்கப் பாக்குறியா? அங்க பாதி, இங்க பாதின்னு?"

மாமா மடக்கிய குடையை மறுபடி விரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவள் பெரட்டுக்குப் போகத்தான் செய்தாள். தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, கொழுந்துக் கூடை இல்லாமல், என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு. அவள் பேரைக் கூப்பிட்டதும் முன்னால் போய் நின்றாள்.

"இருக்கேங்க ஐயா. நல்ல சுகமா இருக்கேன். அந்தப் பேர வெட்டிருங்க, நான் பாக்க வெட்டுங்க."

கணக்கப்பிள்ளை பேனாவோடு தயங்கினார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிக்கிறதுக்குத்தான் எங்கண்ணன் இருக்காரே. நீங்க வெட்டுங்க."

பெரட்டே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே கணக்கப்பிள்ளை கோடு போட்டார்.

தலையை நிமிர்த்திக்கொண்டு திரும்பி நடந்தவள், மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரை வந்ததும் கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஐயோ, அவசரப்பட்டுவிட்டாளே, மாமா சொன்னதுதான் சரியோ என்று நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், முந்தின நாளைவிட அதிகமாக மாவைக் கொட்டிப் பிசைந்தாள். மாமா தேங்காய் துருவ உட்கார்ந்தார்.

கடை என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஓடியது, ஊரே அடைத்துக் கிடந்த காலத்தில் மூடியது, மறுபடி ஓடுகிறது. இப்போது நான் தையல் கடை போடப் போகிறேன் என்றதும், நொடித்துப்போனால் என்ன செய்வாய் என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. நொடிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன், போங்கள்!

சின்னம்மா அன்று பயத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பயம்தான். பயந்துகொண்டே மாவு பிசையலாம் என்பதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை.